இறங்கும் சத்தம்

சுவரிலிருந்த சிவப்பு பல்பு எரிந்தபோது நெட்டை முழங்கால்களை மடக்கிக் கைகளைப் பின்னால் வீசியிருந்தாள். உடம்பு பாதி கிளம்பிவிட்டது. அந்த நிலையில் ஒரு குதியை நிறுத்துவது மூக்கு நுனிக்கு வந்த தும்மலை விழுங்குவதைப் போன்றது. கால் விரல்களில் ஒருமுறை தள்ளாடி, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, மரப்பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றாள். பக்கத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் பாதிச் சுற்றில் நிறுத்தியதில், கயிறு அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தோளில் மாலையாக விழுந்தது. ஜன்னலோரம் தாழ்வான படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவர் கால் தரையில் படுவது கீழே யாருக்கும் கேட்காது. வயதினால் கிடைத்த ஒரே சலுகை அது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"யாரு வாய்க்குள்ளயோ ஊசி போகுது," என்றாள் நெட்டை, உதட்டை அசைக்காமல். "அந்த ஆள விட நான்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்க்கா."

"நல்லா கடிம்மா. ஒடஞ்சா டாக்டர் கீழயே இருக்காரு," என்றார் மளிகைக்கடைக்காரர்.

"ரெண்டு பேரும் பேசாம நில்லுங்க. மூச்ச விடு. முட்டிய நேராக்கு. மெதுவா."

கடைசியாகச் சொன்னவள்தான் அங்கே பயிற்சி கொடுப்பவள். ஒரு நாளைக்கு நூறு தடவை 'மெதுவா' என்று சொல்வதால் அவளுக்கு மெதுவாக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த தபால்காரரும் அப்படியேதான் கூப்பிட்டார். அவளும் திரும்பிப் பார்த்தாள். நெட்டைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. உடை மாற்றும் அறையின் வாசலில் குனிந்து நுழையும் ஒரே பெண் அவள்தான்.

சிவப்பு பல்புக்கு ஒரு கதை உண்டு. உடற்பயிற்சிக்கூடம் முதல் மாடியில். அதற்கு நேர் கீழே பல் டாக்டரின் அறை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, யாரோ ஒருவர் உயரமான பெட்டியிலிருந்து வீரத்தோடு கீழே குதிக்க, டாக்டரின் ஊசி ஈறை விட்டுவிட்டு உதட்டில் இறங்கியது. டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்து, "மேல என்ன யானையா வளக்கிறீங்க?" என்று கத்தினார். மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கீழே டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அவர் ஊசியையோ குடைகிற கருவியையோ எடுக்கும்போது அதைத் தட்டுவார். மேலே பல்பு எரியும். எரிகிறவரை யாரும் குதிக்கக் கூடாது. வயரை இழுத்துக் கொடுத்தது மெதுவாக்காவின் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே வயர் இழுப்பது அவனுக்குக் கைவந்த வேலை.

பல்பு அணைந்தது. நெட்டை மறுபடி கைகளைப் பின்னால் வீசினாள். குதித்தாள். பெட்டியின் மேல் நின்றாள். பிறகு, கற்றுக்கொடுத்தபடி, ஒவ்வொரு காலாக நடந்து இறங்கினாள். ஏறும்போது குதி, இறங்கும்போது நட என்பது அந்தக் கூடத்தின் முதல் சட்டம். அடுத்து பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, விரிப்பின் நடுவில் நின்று, கையை உயர்த்தி நேராக மேலே எழும்பினாள். வலைக்கு மேலே பந்தைத் தடுக்கிற குதி அது. கைவிரல்கள் விட்டத்திலிருந்து தொங்கிய மின்விசிறியின் அடிப்பகுதி வரை போயின. இறங்கினாள். திரும்பி மெதுவாக்காவைப் பார்த்தாள்.

"எப்படிக்கா?"

மெதுவாக்கா கையிலிருந்த நோட்டில், அன்றைய முப்பத்தெட்டாவது இறக்கம் என்று ஒரு கோடு போட்டாள். ஒரு நாளைக்கு அறுபது இறக்கத்துக்கு மேல் கிடையாது. குதித்த நாளுக்கு அடுத்த நாள் குதி கிடையாது.

"இடது கால் இன்னும் பின்னால வருது," என்றாள்.

நெட்டையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குனிந்து தன் இடது முழங்காலைப் பார்த்தாள். அதன் ஓரமாக ஒரு மண்புழு நீளத்துக்குத் தழும்பு ஓடியது. கடன் கேட்டு வந்த உறவுக்காரரைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள்.

"சனிக்கிழமக்குள்ள சரியாயிடுமா?"

"பாக்கலாம். மறுபடி குதி."

சனிக்கிழமை துறைமுகத்துப் பெண்கள் கைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டே இடம். இடம் கிடைத்தால் துறைமுக அலுவலகத்தில் வேலையும் கிடைக்கும். இருபத்து மூன்று வயதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. நெட்டைக்கு அடுத்த மாதம் இருபத்து மூன்று முடிகிறது. முழங்கால் குதிக்கத் தகுதியாக இருக்கிறது என்று அணிக்காரர்கள் ஒரு தாள் கேட்டிருந்தார்கள். அறுவை செய்த மூட்டு டாக்டர் அதில் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "முட்டிக்குள்ள அறுந்த நார கட்டுனது நான். குதிக்க விடுறது அந்த அம்மா," என்று அனுப்பிவிட்டார். அந்தத் தாள் மூன்று வாரமாக மெதுவாக்காவின் மேஜை இழுப்பறையில், முதலுதவிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

குதிப்பதைக் கற்றுக்கொடுப்பது என்றால் இறங்குவதைக் கற்றுக்கொடுப்பது என்று மெதுவாக்கா புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். மேலே போவதற்கு யாருக்கும் பாடம் தேவையில்லை. முன்பாதம் முதலில் பட வேண்டும், பிறகு குதிகால். இடுப்பு பின்னால் போக வேண்டும். முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் பாத விரல்களின் திசையிலேயே மடங்க வேண்டும். பெட்டியை ஒருமுறை கையால் ஆட்டிப் பார்க்காமல் அதன்மேல் குதிக்கக் கூடாது. விரிப்பின் இணைப்பில் கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் அவள் செய்து காட்டியதே இல்லை. மேஜையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் கால்களாக்கிக் காட்டுவாள். அது அவளுடைய பாணி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இறங்குவதை அவள் கண்ணால் சரிபார்ப்பதும் இல்லை. குதிக்கிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாள். "கண்ணு ஏதாவது ஒரு முட்டியத்தான் பாக்கும். காது ரெண்டயும் பாக்கும்," என்பாள். சரியாக இறங்கினால் ஒரு சத்தம், அதுவும் மடித்த துணியைக் கட்டிலில் போட்ட மாதிரி. ஒரு கால் பயந்தால் இரண்டு சத்தம். நெட்டை ஐந்து மாதத்துக்கு முன்பு முதன்முதலாகக் குதித்தபோது இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போகலாம். வலது வந்து, நின்று, இடதுக்காகக் காத்திருந்தது. வாரம் போகப் போக அந்த இடைவெளி சுருங்கியது.

எந்த வாரத்தில் மெதுவாக்கா முதுகைக் காட்டி நிற்பதை விட்டாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் நோட்டை எடுக்கத் திரும்பியவள் நெட்டை மேலே எழும்புவதைப் பார்த்துவிட்டாள். எல்லோரும் குதிப்பதைப் பார்த்தால் தெரிவது இரண்டு விஷயம்தான்: போவது, வருவது. இந்தப் பெண்ணிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது. மேலே போய் முடித்து, கீழே வரத் தொடங்காத ஒரு இடம். அங்கே அவள் ஒரு நொடி தங்கினாள். கூந்தல் மட்டும் செய்தி தெரியாமல் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மெதுவாக்கா அவள் பக்கம் திரும்பி நின்றுதான் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை.

அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம். பதினோரு வருடங்களுக்கு முன்பு அவள் உயரம் தாண்டுகிறவள். குறுக்குக் கம்பியின் மேல் முதுகு படாமல் போகும்போது, வானம் மட்டும் தெரிகிற ஒரு கணம் வரும். அதற்காகத்தான் அத்தனை ஓட்டமும். ஒருமுறை முழங்கால் சுளுக்கி எட்டு வாரம் ஓய்வில் இருந்தாள். பயிற்சியாளர் வந்து, "ஒண்ணும் ஆகாது, குதி," என்றார். குதித்தாள். மெத்தையின் விளிம்பில் இறங்கினாள். முழங்காலுக்குள் ஒரு பென்சில் ஒடிகிற சத்தம் கேட்டது. இரண்டு அறுவைக்குப் பிறகு டாக்டர், நடக்கலாம், படி ஏறலாம், சைக்கிள் ஓட்டலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் கூடாது என்றார். அவள் அதைக் கேட்டு நடந்தாள். பேருந்தின் கடைசிப் படியிலிருந்துகூட ஒவ்வொரு காலாக இறங்குவாள். மழை பெய்து தெருவில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் நின்றால், சிறு பிள்ளைகள்கூடத் தாண்டிப் போகும். அவள் சுற்றிக்கொண்டு போவாள்.

அன்று மாலை கணவன் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றாள்.

"இன்னும் அந்தப் பிள்ளைய தொங்கல்லதான் விட்டிருக்கியா? எங்க லிஃப்ட்டுல இப்படி மூணு வாரம் மாட்டியிருந்தா பேப்பர்ல போட்டிருப்பான்."

"விளையாடாதீங்க. அவ முட்டி போச்சுன்னா?"

"போகும்ங்கிறியா?"

அவள் தட்டில் விரலால் கோடு கிழித்தாள்.

"நானும் மாசம் பத்து தாள்ல கையெழுத்து போடுறேன்," என்றான் அவன். "இந்த லிஃப்ட்டுல ஆள் ஏறலாம்னு. பயம் இல்லாம ஒண்ணுல கூடப் போட்டதில்ல. கயித்தப் பாத்தேன், பிரேக்கப் பாத்தேன், சரியா இருந்துச்சு, போட்டேன். சரியா இல்லன்னா எதுன்னு எழுதுவேன். சும்மா பயமா இருக்குன்னு எழுதினா முதலாளி வீட்டுக்கு அனுப்பிடுவான்."

"இடது கால் பின்னால வருது."

"அப்ப அத எழுது. எதுக்கு இழுத்தடிக்கிற?" என்று சொல்லிவிட்டு அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு, பேச்சை மாற்றுகிறவன் போல, "நீ அந்தப் பொண்ணப் பத்திப் பேசும்போது உன் கழுத்து தானா மேல போகுது. உனக்குத் தெரியுமா?" என்றான்.

அவளுக்குத் தெரியாது. அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். படுத்த பிறகு நெட்டையின் கடைசிக் குதியை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். விரல்கள் மின்விசிறிக்கு அடியில் போய் நின்றது தெளிவாக வந்தது. கூந்தல் வந்தது. இறங்கிய சத்தம் மட்டும் வரவில்லை. அது வராததற்குத் தூக்கக் கலக்கத்தைக் காரணம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பல்பு எரிந்தது எரிந்தபடியே இருந்தது. கால் மணி நேரம் ஆயிற்று. மளிகைக்கடைக்காரர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "கீழ என்ன, முப்பத்திரண்டையும் ஒரே மூச்சுல பிடுங்குறாரா?" என்றார். தபால்காரர் படியில் ஏறி இறங்கிக்கொண்டே, தனக்கு அவசரம் இல்லை என்றார். நெட்டை விரிப்பின் நடுவில் நின்று, சூடான உடம்பு ஆறிவிடாமல் கால்களை மாற்றி மாற்றி அசைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வந்ததிலிருந்து யாரிடமும் வம்புப் பேச்சுப் பேசவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்," என்றாள் மெதுவாக்கா. "பல்பு அணைஞ்சதும் பத்து குதி குதி. பெட்டி வேண்டாம், விரிப்புல நின்னு நேரா மேல. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அஞ்சு எண்ணு. நீங்க ரெண்டு பேரும் அதுவரைக்கும் சும்மா இருங்க. அவ மட்டும் குதிக்கட்டும்."

படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். கீழே டாக்டர் ஒரு தடித்த மனிதரின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்னக் கண்ணாடியால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு மேலே விளக்கு ஒரு நீண்ட வளைந்த கம்பியில் விட்டத்திலிருந்து தொங்கியது.

"டாக்டர், பல்பு."

"ஐயையோ." அவர் முழங்கையால் சுவிட்சைத் தட்டினார். "ஊசி போட்டு எவ்வளவோ நேரம் ஆச்சு. மறந்தே போயிட்டேன். மேல எல்லாரும் கொக்கு மாதிரி நிக்கிறாங்களா?" நாற்காலியில் இருந்தவர் சிரிக்க முயன்று, முடியாமல், கையை ஆட்டினார். "வாய மூடாதீங்க," என்ற டாக்டர் மெதுவாக்காவைப் பார்த்தார். "உங்க ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்மா. பல பேரோட முகம்தான் தெரியாது. ஏழு மணிக்கு ஒரு மாவு மூட்டை விழும்."

"மளிகைக்கடைக்காரர்."

"ஏழரைக்கு ரெண்டு பேரு சேந்து குதிப்பாங்க, ஒருத்தன் எப்பவும் முந்திடுவான். அப்புறம் அந்த உயரமான பொண்ணு, படியில பாப்பேனே, கால்ல கட்டு போட்டிருந்தவ. அவ குதிச்சா இந்த விளக்கு ஆடும். ரெண்டு ஆட்டம். டக், டக். நான் கைய எடுத்துட்டு ரெண்டாவதும் வரட்டும்னு காத்திருப்பேன். பாவம், விட்டுட்டாளா?"

"யாரு?"

"அந்தப் பொண்ணுதான். மூணு வாரமா ஆடவே இல்லையே."

மெதுவாக்கா விளக்கைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். சுவிட்சைத் தட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் நின்ற இடத்துக்கு நேர் மேலேதான் விரிப்பு. டாக்டர் எதையோ சொல்லிக்கொண்டே போனார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். மூன்று பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள்; நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தபடி, வேறு வழியில்லாமல். தெருவில் ஒரு வண்டி போனது. குழாயில் தண்ணீர் சொட்டியது. விளக்கின் கம்பி ஆணி அடித்த மாதிரி நின்றது. இன்னும் குதிக்க ஆரம்பிக்கவில்லை, பல்பு அணைந்ததைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் படியேறினாள். வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே ஏறினாள்.

நெட்டை விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

"பல்பு அணைஞ்சுதே, ஏன் குதிக்கல?"

"பத்தும் முடிச்சாச்சுக்கா. இவங்கள கேளுங்க."

"பத்து," என்றார் தபால்காரர். "நான் எண்ணினேன்."

நெட்டை துண்டை மடித்தாள். "இடது இன்னும் பின்னாலதான் வருது," என்றாள். "எனக்கே தெரியுது. இப்பல்லாம் வீட்டுல படி எறங்கும்போதுகூடத் தெரியுது. மொதல்ல நீங்க சொல்றது எனக்குப் புரியவே இல்ல, ரெண்டும் ஒண்ணாத்தான வருதுன்னு தோணும். இப்பப் புரியுது. நேத்து அம்மாகிட்ட சொல்லிட்டேன், சனிக்கிழம போகலன்னு. நீங்க கையெழுத்து போடலன்னு உங்க மேல கோவம் இல்லக்கா. கால் என்னோடதுதான்."

மெதுவாக்கா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இதற்கு முன்பு அந்தப் பெட்டியை அவள் உட்காருவதற்குப் பயன்படுத்தியதில்லை. மற்றவர்களையும் உட்கார விட்டதில்லை. மளிகைக்கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போலத் தபால்காரரைக் கூட்டிக்கொண்டு குடிதண்ணீர் பக்கம் போனார்.

"உன் கால் சரியாத்தான் வருது," என்றாள் மெதுவாக்கா.

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"ஆறுதல் இல்ல. மூணு வாரமா சரியா வருது. இப்ப நீ பத்து குதிச்சும் கீழ டாக்டரோட விளக்கு அசையவே இல்ல. நான் சத்தத்தக் கேக்கவே இல்ல. நீ மேல போறதப் பாத்துட்டு நின்னேன்." அவளுக்கு மீதியைச் சொல்லாமல் விட ஒரு வழி இருந்தது. பயந்துவிட்டேன், உனக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்று பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. "கையெழுத்து போட்டா நீ போயிடுவ. மறுபடி குதின்னு சொன்னா மறுபடி குதிப்ப. அதான் சொன்னேன்."

நெட்டை எழுந்து நின்று அவளைப் பார்த்தாள். அந்த உயரத்திலிருந்து அவ்வளவு நேரம் ஒருவரை உற்றுப் பார்த்தால், பார்க்கப்படுகிறவருக்கு எங்கே போவதென்று தெரியாது.

"மூணு வாரம்," என்றாள். "மூணு வாரம் நான் தெனம் ராத்திரி இந்தக் கால்கிட்ட பேசிட்டிருந்தேன். கெஞ்சிட்டிருந்தேன்க்கா. ஒழுங்கா வான்னு."

"தெரியும். இல்ல, தெரியாது. தப்பு என்னோடது."

"நல்லா இருக்கு." நெட்டை துண்டைத் தூக்கிப் போட்டாள். கோபத்தில் அவளுக்குச் சிரிப்பு போல ஒன்று வந்தது. "பாத்துக்கங்க, இன்னொரு தடவ பாத்துக்கங்க." விரிப்பின் நடுவுக்குப் போனாள். கையை வீசி எழும்பினாள்.

மெதுவாக்கா அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ காயப்போட்ட போர்வை தெரிந்தது. அந்தப் பெண் மேலே இருக்கும் நேரம் இவ்வளவு நீளம் என்று அவள் முதுகுக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

டக், டக்.

இருவரும் அசையவில்லை. கீழே விளக்கு ஆடியிருக்கும். டாக்டர் கையை எடுத்திருப்பார்.

"இப்ப கேட்டுச்சு, இல்ல?" என்றாள் நெட்டை. குரலில் கோபம் போய்விட்டது. பயம் இருந்தது.

"கேட்டுச்சு."

"இத நீங்கதான் போட்டீங்க. மூணு வாரமா இது இல்லாம இருந்துச்சு."

"ஆமா."

"எடுங்க, அப்ப. போட்டவங்கதான எடுக்கணும்?"

மெதுவாக்காவுக்கு வாயில் வந்த எல்லாம் இறங்குவதைப் பற்றியதாகவே இருந்தது. முன்பாதம், குதிகால், இடுப்பு, முழங்கால். பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்த ஒவ்வொரு வார்த்தையும் தரையைப் பற்றியது. அதில் எதைச் சொன்னாலும் இந்தப் பெண் இன்னும் ஒருமுறை குனிந்து தன் முழங்காலைப் பார்ப்பாள். அவள் மேஜைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, முதலுதவிப் பெட்டியைத் தூக்கித் தாளை எடுத்தாள். பேனா முதல் எழுத்தில் எழுதவில்லை. ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். தேதியை மூன்று வாரம் பின்னால் போட ஒரு கணம் நினைத்து, அன்றைய தேதியையே போட்டாள்.

"நான் உன்கிட்ட சொல்ல இனிமே ஒண்ணும் இல்ல," என்றாள். "பந்தப் பாரு. காலப் பாக்காத. அது அஞ்சு மாசம் பழகியிருக்கு, அதுக்கு வழி தெரியும்."

நெட்டை தாளை வாங்கி நான்காக மடித்து, ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்து, அதன்மேல் தாளை வைத்தாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"நீங்க சனிக்கிழம அங்க வர வேண்டாம்க்கா. நீங்க நின்னா நான் கீழதான் பாப்பேன்."

"வரல."

அவள் படியில் இறங்கிப் போகும் சத்தத்தை மெதுவாக்கா கடைசிப் படி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். நடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. நடப்பதில் என்ன தெரியும்?

சனிக்கிழமை உடற்பயிற்சிக்கூடத்தில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற பேருந்தில் ஏறும்போது, வாக்குத் தவறப் போவதில்லை, வெளியில்தான் நிற்கப் போகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த மதில். அவள் தலைக்கு மேலே இன்னும் ஒரு கை உயரம். வாசலில் அம்மாக்களும் தம்பிகளும் பயிற்சியாளர்களும் தண்ணீர்ப் புட்டிகளோடு நின்றார்கள். அவள் அங்கே போகாமல், மதிலின் மறுகோடியில், சரக்கு லாரிகள் திரும்புகிற மேடான ரோட்டோரத்தில் நின்றாள்; அங்கே மதில் அவள் நெற்றி வரைதான் இருந்தது. அங்கிருந்து வலையைத் தாங்கும் கம்பங்களின் நுனி தெரிந்தது. நடுவில் வலையின் மேல் விளிம்பிலுள்ள வெள்ளைப் பட்டி, அதுவும் குதிகாலைத் தூக்கினால்தான்.

உள்ளே ஆட்டம் தொடங்கியிருந்தது. அவளுக்குப் பந்து மட்டும் தெரிந்தது. மதிலுக்கு மேலே வரும், போகும். அவ்வப்போது ஒரு கை வந்து அதை அறையும், விரல்கள் வந்து தடுக்கும். யாருடைய கை என்று தெரியவில்லை. கைகள் மணிக்கட்டு வரை வந்தன. சில முழங்கை வரை. ஒரு விசில் ஊதினார்கள். ஆட்களை மாற்றினார்கள் போலிருக்கிறது, உள்ளே பெயர்களைக் கூப்பிடும் குரல் கேட்டது. ஒரு லாரி அவளை ஒட்டி வளைந்து திரும்பியது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஓரமா நில்லுங்கம்மா," என்றார். அவள் மதிலோடு ஒட்டிக்கொண்டாள். சுண்ணாம்பு தோளில் அப்பியது.

அப்போது மதிலுக்கு மேலே கை வந்தது, முழங்கை வந்தது, நெற்றி வந்தது, கண்கள் வந்தன. நெட்டையின் கண்கள். அவை பந்தைப் பார்த்தன. ஒரு நொடி அப்படியே அங்கே இருந்தன. கூந்தல் இன்னும் மேலே போனது. பிறகு எல்லாமே மதிலுக்குப் பின்னால் போய்விட்டன. மெதுவாக்கா மூச்சை அடக்கிக்கொண்டு காதைச் சுவரில் வைக்காத குறையாகக் கேட்டாள். லாரியின் இரைச்சல்தான் கேட்டது. அதற்கடியில் யாரோ கைதட்டினார்கள், அல்லது யாரோ கத்தினார்கள்.

லாரி போக மாட்டேன் என்றது. முன்னும் பின்னுமாக இரண்டு தடவை நகர்ந்து, புகையை விட்டுக்கொண்டு, கடைசியில் திரும்பிப் போனது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. விசில் இல்லை. பெயர் கூப்பிடவில்லை. அவள் குதிகால்களை இன்னும் தூக்கினாள், சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு. வெள்ளைப் பட்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே யாரோ அடுத்த அடிக்காகப் பந்தை மேலே தூக்கிப் போட்டார்கள். அது மதிலைத் தாண்டி, கம்பத்தின் நுனியைத் தாண்டி, வெயிலுக்குள் போய், சுழலாமல் நின்றது.